டிம்பக்டு கேஸ்: மண் சுவருக்கு 97,600 யூரோ

2017 ஆகஸ்ட் 17-ம் தேதி ஹேக்ல இருக்கற சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டுச்சு. மாலி நாட்டுல, சஹாராவோட தென் ஓரத்துல இருக்கற டிம்பக்டுங்கற ஊர்ல 10 கட்டடத்தை தாக்கின வழக்குல தண்டனை வாங்கின ஆளு மொத்தம் 27 லட்சம் யூரோ இழப்பீடு தரணும்னு. அந்த 27 லட்சத்தை எப்படி பிரிச்சிருக்காங்கன்னு பார்த்தப்போ தான் எனக்கு இந்த கேஸ் மேலயே ஆர்வம் வந்துச்சு. கட்டடத்துக்கு ஆன சேதம் 97,600 யூரோ. ஊர்க்காரங்க பொழப்பு கெட்டதுக்கு 21 லட்சத்து 20 ஆயிரம். மனசுல பட்ட அடிக்கு 4 லட்சத்து 83 ஆயிரம். அதாவது உலகமே பேப்பர்ல போட்டு அழுத அந்த கட்டடங்க தான் கணக்குல இருக்கறதுலயே சின்ன தொகை.

இது கோர்ட்டோட கஞ்சத்தனம்னு நான் நினைக்கல. சொல்லப்போனா இந்த கேஸ்ல சரியா பிடிபட்ட ஒரே விஷயம் இந்த கணக்கு தான்னு கூட எனக்கு தோணும். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த ஊர் எப்படிப்பட்ட ஊருன்னு சொல்லணும்.

நைஜர் ஆறு மேற்கு ஆப்பிரிக்காவுல வடக்க ஏறி வந்து, பாலைவனத்தை தொட்டுட்டு திரும்பவும் தெற்க இறங்கிடும். அந்த வளைவுக்கு கொஞ்சம் வடக்க, ஆத்துல இருந்து ஒரு 15, 20 கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கு டிம்பக்டு. கபாராங்கறது அதோட படகுத்துறை. 1100 வாக்குல துவாரெக்ங்கற பாலைவன இனத்துல ஆடு மாடு மேய்க்கறவங்க வெயில் காலத்துல வந்து கூடாரம் போட்ட இடம், அங்க இருந்த கெணத்தை புக்துன்னு ஒரு கிழவி பாத்துக்கிட்டா, அவ பேரு தான் ஊருக்கு வந்துச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. ஒட்டகமும் படகும் சந்திக்கற இடம், அவ்வளவு தான் அந்த ஊரோட ரகசியம். வடக்க இருந்து உப்பு வரும், தெற்க இருந்து தங்கமும் தானியமும் வரும். பழைய காலத்துல தகாசா, அப்புறம் தாவுதெனி சுரங்கத்துல இருந்து கல்லறை மூடி சைஸ்ல உப்புப் பாளம் வெட்டி ஒட்டகத்துல ஏத்தி, வாரக்கணக்குல நடந்து கொண்டு வருவாங்க, அந்த ஒட்டக வரிசைக்கு அசலாய்னு பேரு.

1324-ல மாலி ராஜா மன்சா மூசா ஹஜ்ஜுக்கு போய் வழியெல்லாம் தங்கத்தை வாரி இறைச்ச கதை எல்லாருக்கும் தெரியும், கெய்ரோல தங்கம் விலையே சரிஞ்சுதுன்னு சொல்லுவாங்க. திரும்பி வரும்போது கூட்டிட்டு வந்தவங்கள்ல அண்டலூசியாக்காரர் (இப்ப ஸ்பெயின்ல இருக்கற பகுதி) ஒருத்தர், கவிஞர், பேரு அபு இஷாக் அல் சாஹிலி. ஜிங்கெரேபெர் பெரிய பள்ளிவாசலை கட்டுனது அவர்தான்னு சொல்லி 1327-ன்னு வருஷமும் போடுவாங்க. அதுக்கப்புறம் சங்கோரே, சிதி யஹ்யான்னு இன்னும் ரெண்டு பள்ளிவாசல். இந்த பள்ளிவாசல்களை சுத்தி தான் படிப்பு. பல்கலைக்கழகம்னு இப்ப எல்லாரும் எழுதறாங்க, எனக்கு அந்த வார்த்தை சரியா படல, ஒரு ஹஜ்ரத் கிட்ட, அதாவது மார்க்க ஆசிரியர் கிட்ட, ஒரு கிதாபை முழுசா ஓதி முடிச்சு அவர் கையால இஜாஸாங்கற அனுமதிப் பத்திரம் வாங்கிட்டு அடுத்த ஹஜ்ரத்கிட்ட போற முறை அது. 16-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல வந்துட்டு போன லியோ ஆப்பிரிக்கானுஸ், இங்க மத்த எல்லா சரக்கையும் விட புத்தகம் வித்து தான் அதிக லாபம் பாக்கறாங்கன்னு எழுதி வச்சிருக்கார். பாலைவனத்துல காகிதமே கெடையாது, இத்தாலில இருந்து மூணு பிறை வாட்டர்மார்க் போட்ட காகிதம் எல்லாம் ஒட்டகத்துல வந்திருக்கு.

1591-ல மொராக்கோ சுல்தானோட படை துப்பாக்கியோட பாலைவனத்தை தாண்டி வந்து, அப்ப ஊரை ஆண்ட சொங்காய் ராஜ்ஜியத்தை தொந்திபிங்கற இடத்துல உடைச்சுது. அதுக்கு ரெண்டு மூணு வருஷத்துல ஊர் உலமாக்களை, அதாவது மார்க்க அறிஞர்களை, விலங்கு போட்டு மொராக்கோவுல இருக்கற மராகேஷுக்கு இழுத்துட்டு போனாங்க, அதுல ஒருத்தர் அகமது பாபா. என் கிட்ட இருந்து 1,600 புத்தகத்தை பறிச்சுட்டாங்க, எங்க சொந்தக்காரங்கள்ல என்னோடது தான் சின்ன லைப்ரரின்னு அவர் சொன்னதா பதிவு இருக்கு. இவர் அகீத்னு ஒரு குடும்பம். அந்த குடும்ப பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, 2012-ல திரும்ப வரும்.

அதுக்கப்புறம் ஊர் மெல்ல மெல்ல இறங்கிப்போச்சு. ஐரோப்பாவுல மட்டும் தங்க ஊருன்னு கதை ஓடிக்கிட்டே இருந்துச்சு. 1826-ல போன ஸ்காட்லாந்துக்காரர் லேயிங் ஊரை விட்டு கிளம்பினதும் கொல்லப்பட்டார். 1828-ல முஸ்லிம் வேஷத்துல போய் உயிரோட திரும்புன பிரெஞ்சுக்காரர் ரெனே கையே, அங்க இருக்கறது ஒரு குவியல் மண் வீடு தான்னு ஏமாந்து போய் எழுதினார். தங்கத்தை தேடிப் போனவருக்கு மண்ணு தான் கண்ணுல பட்டுச்சு, ஆனா விஷயமே அந்த மண்ணுல தானே இருக்கு.

அந்த மண்ணை கொஞ்சம் கிட்ட போய் பாப்போம். ஊர்ல அல்ஹோர்னு ஒரு சுண்ணாம்புக்கல் கிடைக்குது. அதையும், மண்ணை தண்ணி விட்டு நெல் வைக்கோல் கலந்து நாள்கணக்குல ஊற வச்ச குழையையும் வச்சு தான் கட்டறது. அந்த குழைக்கு பாங்கோன்னு பேரு. ஊற ஊற அது ஒருமாதிரி புளிச்ச வாடை அடிக்கும், அப்பதான் பதம். பள்ளிவாசல் மினார்ல முள்ளு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற கட்டைங்களை போட்டோல பாத்திருப்பீங்க, அது அழகுக்கு மட்டும் இல்ல, பூசறவன் ஏறி நிக்கறதுக்கான நிரந்தர சாரம். வருஷத்துல கொஞ்ச நாள் தான் மழை, ஆனா பெஞ்சா பூச்சு கரைஞ்சு ஓடிடும். அதனால திரும்ப திரும்ப பூசிக்கிட்டே இருக்கணும். கொத்தனார் குடும்பங்க பரம்பரையா இருக்காங்க, இந்த குடும்பத்துக்கு இந்த பள்ளிவாசல்னு பொறுப்பு உண்டு. பூசற நாள்ல ஊரே வரும், பொம்பளைங்க தண்ணி கொண்டு வருவாங்க, பசங்க மண்ணை கை மாத்தி விடுவாங்க, பெரியவங்க ஓதுவாங்க. நம்ம ஊர்ல கோயில் தேர் இழுக்கற நாள் மாதிரி ஒரு சத்தம்னு வச்சுக்கோங்க.

ஆக 1327-ல கட்டுன சுவர்னா, 1327-ல பூசுன மண்ணு அதுல இன்னைக்கு எவ்வளவு இருக்கும்? வெளித்தோல்ல ஒண்ணுமே இருக்காது. பழசு எதுன்னா அந்த பூசற பழக்கம் தான் பழசு. பள்ளிவாசலுக்கு மட்டும் இல்ல, தர்காக்களுக்கும் இதே கதை தான். 333 அவுலியாக்களோட, அதாவது இறைநேசர்களோட, ஊருன்னு டிம்பக்டுக்கு பேரு. சின்ன சின்ன மண் கட்டடம், சதுரமா, உள்ள கபரு, அதாவது சமாதி. மழை வேணும்னாலும், பயணம் கிளம்பறதுக்கு முன்னாடியும், கல்யாணத்துக்கும் போய் துஆ கேட்டுட்டு வருவாங்க. யுனெஸ்கோ 1988-ல 3 பள்ளிவாசலையும் 16 தர்காவையும் உலக பாரம்பரிய பட்டியல்ல சேர்த்துச்சு. 1990-ல ஆபத்துல இருக்கற பட்டியலுக்கு போச்சு, அப்ப எதிரி மணல், மணல் ஏறி ஏறி ஊரை மூடிக்கிட்டு வந்துச்சு. 2005-ல வெளிய எடுத்தாங்க.

2012-க்கு வரேன். மார்ச் 22 தலைநகர் பமாக்கோல ராணுவ புரட்சி. நாடு தடுமாறிக்கிட்டு இருந்த பத்தே நாள்ல, ஏப்ரல் 1, டிம்பக்டு விழுந்துருச்சு. முதல்ல துவாரெக் தனி நாடு கேட்ட எம்.என்.எல்.ஏ. ஆளுங்க, அவங்களை ஓரம் தள்ளிட்டு அன்சார் தீன்ங்கற ஜிஹாதி குழுவும் அல் காய்தாவோட வட ஆப்பிரிக்க கிளையும். பாட்டு கூடாது, சிகரெட் கூடாது, பொம்பளைங்க மூடாம வெளிய வரக்கூடாது, மீறினா சாட்டை. இதை பாத்துக்க ஹிஸ்பான்னு ஒரு ஒழுக்கப் படை. அதுக்கு தலைவரா போட்டது வெளிநாட்டுக்காரனை இல்ல, அதே பக்கத்துல பொறந்த, கல்வித்துறைல வேலை பாத்த, மார்க்கப் படிப்பு படிச்ச ஒரு ஆளை. அகமது அல் ஃபகி அல் மஹ்தி.

இந்த ஆளோட கேஸ்ல என்னை ரொம்ப உறுத்தற இடம் ஒண்ணு இருக்கு. தர்காவை இடிக்கணும்னு மேலிடத்துல பேச்சு வந்தப்போ அவரை கருத்து கேட்டிருக்காங்க. கபரு மேல கட்டடம் கூடாதுங்கறது மார்க்க சட்டப்படி சரிதான், ஆனா இடிக்க வேண்டாம், ஊர்க்காரங்க கூட இருக்கற உறவு கெட்டுடும்னு சொல்லியிருக்கார். ஊர்க்காரனுக்கு தானே தெரியும். அப்புறம் உத்தரவு வந்ததும் எந்த தயக்கமும் இல்லாம இறங்கிட்டார், இடிக்கறதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை ஓதவேண்டிய பயானை, அதாவது பிரசங்கத்தை, அவரே எழுதி குடுத்தார், எதை முதல்ல இடிக்கறதுன்னு வரிசை போட்டார், எல்லா இடத்துலயும் நேர்ல நின்னார், அஞ்சு இடத்துல தன் கையால இடிச்சார், வந்த பத்திரிகைக்காரங்களுக்கு காரணமும் விளக்கினார். வேண்டாம்னு தெரிஞ்சவன் செய்யறது தெரியாதவன் செய்யறதை விட மோசம்னு தான் எனக்கு படுது, கோர்ட் என்னவோ அந்த ஆரம்ப தயக்கத்தை தண்டனை குறைப்புக்கு ஒரு காரணமா எடுத்துக்கிச்சு.

ஜூன் 28 அன்னைக்கு யுனெஸ்கோ கமிட்டி திரும்பவும் டிம்பக்டுவை ஆபத்து பட்டியல்ல போட்டுச்சு. ரெண்டே நாள், ஜூன் 30 காலைல கடப்பாரை எறங்குச்சு. அந்த அறிவிப்பு ஊரை காப்பாத்தலங்கறது மட்டும் நிச்சயம். முதல்ல விழுந்தது சிதி மஹ்மூத் தர்கா. அகீத்னு ஒரு குடும்ப பேரு சொன்னேனே, இவரும் அந்த வம்சம் தான், 16-ம் நூற்றாண்டுல ஊருக்கே காஜியா, அதாவது மார்க்க நீதிபதியா, இருந்தவர். அவரோட வாரிசை 1590-கள்ல விலங்கு போட்டு இழுத்துட்டு போனது ஒரு முஸ்லிம் படை, அவரோட கபரை 2012-ல இடிச்சதும் முஸ்லிம்னு சொல்லிக்கிட்ட படை தான். இதை வெளியாள் உள்ளாள் சண்டையா, ரெண்டு மதத்து சண்டையா பாக்கறவங்களுக்கு இந்த கேஸ் புரியவே புரியாது.

ஜூலை 2, சிதி யஹ்யா பள்ளிவாசல். அங்க ஒரு பக்கத்து கதவு, ரொம்ப காலமா அடைச்சே கிடந்துச்சு, 500 வருஷம்னு சொல்லுவாங்க. அதை தொறந்தா கியாமத் நாள், அதாவது உலகம் முடியற நாள், வந்துரும்னு ஊர்ல நம்பிக்கை. அதை பொய்னு காட்டறேன்னு கோடாலியால பிளந்தாங்க. ஊர் சனங்க சிலர் அழுதாங்க. அப்புறம் ரிப்பேருக்குன்னு 50,000 பிராங்க் கொண்டுவந்து நீட்டுனாங்க, அன்னைய தேதிக்கு ஏறக்குறைய 100 டாலர். இமாம் வாங்கல, நீங்க செஞ்சது சரி பண்ற விஷயம் இல்லன்னுட்டார்.

ஜூலை 11 வரைக்கும் நடந்ததுல 9 தர்காவும் இந்த ஒரு கதவும் தான் பிற்பாடு வழக்குல வந்த 10. அதுல 9 உலக பாரம்பரிய பட்டியல்ல இருந்தது. டிசம்பர்ல இன்னும் இடிச்சாங்க, கடைசியா யுனெஸ்கோ கணக்குல 16-ல 14 தர்கா போயிருந்துச்சு.

இதுக்கு நடுவுல இன்னொரு பக்கம் சத்தமே இல்லாம ஒரு வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. டிம்பக்டு வீடுகள்ல தலைமுறை தலைமுறையா கையெழுத்து பிரதிங்க இருக்கு. பெரும்பாலும் பைண்டிங் இல்லாம தனித்தனி தாளா தோல் உறைக்குள்ள கட்டி வச்சது. மார்க்க சட்டம், வானியல், மருந்து, இலக்கணம், அதோட கடன் பத்திரம், வியாபார கடிதாசி எல்லாம் உண்டு. அரபி தான் அதிகம், சொங்காய், ஃபுலானி பாஷையை அரபி எழுத்துல எழுதுனதும் இருக்கு. பிரெஞ்சுக்காரன் வந்தப்பவே மண்ணுல புதைச்சும் சுவருக்குள்ள வச்சும் ஒளிச்சு பழக்கப்பட்ட குடும்பங்க இதெல்லாம். 2012-ல அப்தெல் காதர் ஹைதராங்கற, குடும்ப லைப்ரரி வச்சிருக்கறவரும் அவரோட ஆளுங்களும் தகர ட்ரங்க் பெட்டிங்களா வாங்கி, ராத்திரில அடுக்கி, கழுதை வண்டில வீடு வீடா மாத்தி, அப்புறம் ஜீப்லயும் நைஜர் ஆத்துல படகுலயும் பமாக்கோவுக்கு கடத்துனாங்க. மொத்தம் 3 லட்சத்து 77 ஆயிரம் பிரதின்னு அவங்க தரப்பு கணக்கு. இந்த எண்ணிக்கை ரொம்ப ஊதிப்போன கணக்குன்னு அந்த துறை ஆராய்ச்சியாளர்களே சிலர் சொல்றாங்க, ஒத்தை தாளை ஒண்ணா எண்ணறதா கட்டை ஒண்ணா எண்ணறதாங்கற சண்டையும் அதுல சேர்ந்தது. என் கருத்து, எண்ணிக்கையை பாதியா வெட்டினாலும் கால்வாசியா வெட்டினாலும் அந்த ராத்திரி வேலையோட தைரியம் குறையப்போறதில்ல, அதனால பெரிய நம்பரை பிடிச்சு தொங்க வேண்டிய அவசியமும் இல்ல.

2013 ஜனவரி 28 பிரெஞ்சு, மாலி படைங்க ஊருக்குள்ள வந்துச்சு. ஓடிப்போறவங்க போற போக்குல அகமது பாபா இன்ஸ்டிடியூட்டோட புது கட்டடத்துல தீ வச்சுட்டு போனாங்க. தென்னாப்பிரிக்கா பணத்துல கட்டி 2009-ல தொறந்த கட்டடம். லைப்ரரி மொத்தமும் சாம்பல்னு அன்னைக்கு உலகம் பூரா செய்தி, சொன்னது அப்ப பமாக்கோல இருந்த மேயர். உண்மைல 4,200 பிரதி போல போச்சு, அது சின்ன நஷ்டம் இல்ல, ஆனா பெரும்பகுதி ஏற்கனவே இடம் மாறியாச்சு. அவசரத்துல போட்ட அந்த செய்தி இன்னைக்கும் அங்கங்க உண்மையா சுத்திக்கிட்டு இருக்கு.

திருப்பி கட்டுன வேலை 2014 மார்ச்ல ஆரம்பிச்சு 2015 ஜூலைல முடிஞ்சுது, 14 தர்காவும். இங்க தான் நான் முதல்ல சொன்ன கணக்கு புரிய ஆரம்பிக்குது. பணம் வெளிய இருந்து வந்துச்சு, யுனெஸ்கோ மேற்பார்வை. ஆனா கட்டுனது அதே கொத்தனார் குடும்பங்க. அடிச்சுவர் எங்க ஓடுதுன்னு தோண்டி அளந்தாங்க, பழைய போட்டோ எடுத்து வச்சு ஒப்பிட்டாங்க, கதவு எந்த பக்கம் இருந்துச்சுங்கறதுக்கு ஊர் பெரியவங்களை உக்கார வச்சு கேட்டாங்க. 500 வருஷ பளிங்கு சிலையை உடைச்சா உடைச்சது தான், என்ன பண்ணாலும் அது காப்பி. ஒவ்வொரு தலைமுறையும் திரும்ப பூசிக்கிட்டு வந்த சுவரை, அதே மண்ணுல அதே குடும்பத்து கை திருப்பி எழுப்புனா அதை காப்பின்னு சொல்ல எனக்கு வாய் வரல. ரொம்ப பெரிய பூச்சு வேலைன்னு தான் சொல்லணும். அதனால தான் சுவரோட விலை கம்மி. ஆனா அந்த மூணு வருஷம் தர்காவுல காவல் இருந்தவனுக்கு வருமானம் கிடையாது, கொத்தனாருக்கு வேலை கிடையாது, டூரிஸ்ட் வரல, பாட்டனாரோட கபரு மண்மேடா கிடக்கறதை வீட்டு வாசல்ல இருந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதை எந்த மண்ணு வச்சும் பூச முடியாது. 2016 பிப்ரவரி 4-ம் தேதி கால்நடை அறுத்து, குர்ஆன் ஓதி, ஊர் முறைப்படி தர்காக்களை திரும்ப புனிதப்படுத்துனாங்க.

வழக்கு வேகமா முடிஞ்சுது. 2015 செப்டம்பர்ல நைஜர் நாட்டுல இருந்து அல் மஹ்தியை ஹேக்குக்கு கொண்டு போனாங்க, 2016 ஆகஸ்ட் 22-ல விசாரணை, முதல் நாளே குத்தத்தை ஒத்துக்கிட்டார், மூணே நாள்ல விசாரணை முடிஞ்சுது. அந்த கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்ட முதல் ஆளு, பாரம்பரிய சின்னத்தை அழிச்சதை மட்டுமே வச்சு போர்க்குற்றம்னு நடந்த முதல் கேஸும் இதுதான். நான் பண்ணதை எந்த முஸ்லிமும் பண்ணாதீங்கன்னு கோர்ட்ல மன்னிப்பு கேட்டார். செப்டம்பர் 27 தீர்ப்பு, 9 வருஷம். அதுக்கு சரியா 8 நாள் முன்னாடி, 19-ம் தேதி, டிம்பக்டுல சிதி யஹ்யா கதவை செப்பனிட்டு திரும்ப மாட்டிட்டாங்க.

எனக்கு இந்த கேஸ்ல ஒத்துக்க முடியாதது ஒண்ணு உண்டு. அந்த பத்து மாசத்துல சாட்டையடி வாங்கினவங்க, கட்டாய கல்யாணம் பண்ணி வைக்கப்பட்ட பொண்ணுங்க எல்லாம் அதே ஊர்ல தான் இருந்தாங்க. ஹிஸ்பா தலைவர் மேல கட்டடக் குற்றச்சாட்டு மட்டும் போட்டு முடிச்சது மனித உரிமை அமைப்புங்களுக்கும் கோபம், எனக்கும் தான். அப்புறம் அல் ஹசன்னு இஸ்லாமிய போலீஸ்ல இருந்தவர் மேல ரெண்டாவது கேஸ் வந்து, 2024 ஜூன்ல சித்திரவதை மாதிரியான குற்றங்களுக்கு தீர்ப்பு, நவம்பர்ல 10 வருஷம். பாலியல் கொடுமைங்க நடந்தது உண்மை, ஆனா அதுக்கு இவர் பொறுப்பு இல்லன்னு விட்டுட்டாங்க. அந்த பொண்ணுங்களுக்கு கிடைச்சது அவ்வளவு தான்.

அல் மஹ்தி கையில காசு இல்ல, அதனால 27 லட்சத்தை கோர்ட்டை ஒட்டி இருக்கற பாதிக்கப்பட்டோர் நிதியம் தான் திரட்டணும். தர்காவையே நம்பி பொழைச்சவங்களுக்கும், முன்னோர் கபரு சேதமானவங்களுக்கும் தனித்தனியா, மிச்சம் ஊருக்கு பொதுவா. இது போக மாலி நாட்டுக்கு 1 யூரோ, யுனெஸ்கோவுக்கு 1 யூரோ, அடையாளத்துக்கு, 2021 மார்ச் 30 பமாக்கோல விழா வச்சு குடுத்தாங்க. இமாம் 50,000 பிராங்க்கை வாங்காம அனுப்புனது ஞாபகம் வந்துச்சு எனக்கு. அதே வருஷம் நவம்பர்ல தண்டனைல 2 வருஷம் கழிச்சு, 2022 செப்டம்பர்ல அல் மஹ்தியோட காலம் முடிஞ்சு போச்சு.

ஊருக்கு முடியல. 2023 ஆகஸ்ட்ல அல் காய்தா சார்பு ஆயுதக் குழுவான ஜே.என்.ஐ.எம். டிம்பக்டுவை சுத்தி வளைச்சு சாமான் வர்ற வழியை அடைச்சுது, அந்த வருஷக் கடைசில ஐ.நா. படையும் மாலியை விட்டு கிளம்பிருச்சு. பமாக்கோல இருந்த பிரதிங்களுக்கு வேற பிரச்சனை, அங்க ஈரக் காத்து, பாலைவனத்து வறட்சில நூத்துக்கணக்கான வருஷம் தாங்கின தாளுக்கு அது ஆகாது. 2025 ஆகஸ்ட்ல அகமது பாபா இன்ஸ்டிடியூட்டோட பிரதிங்களை 200-க்கும் மேல பெட்டில போட்டு டிம்பக்டுவுக்கு திருப்பி அனுப்புனாங்க. படகுலயும் ஜீப்லயும் போனது, விமானத்துல வந்து இறங்குச்சு. வந்தது அரசாங்க இன்ஸ்டிடியூட்டோட சரக்கு மட்டும். குடும்பங்களோட பெட்டிங்க அப்பவும் பமாக்கோல தான் இருந்துச்சு.